ஆப்பிரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் முதலிடம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு?

கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்கு. கியூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் ஆகிய மூன்று உலகத் தரவரிசைகளிலும் பெரும்பாலான ஆண்டுகளில் கண்டத்தின் முதல் பெயராக வருவது அதுதான். 1829இல் தென்னாப்பிரிக்கக் கல்லூரியாகத் தொடங்கி, 1918இல் பல்கலைக்கழகமானது. அதே நாட்டில் அடுத்து நிற்பவை ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் (எல்லோரும் 'விட்ஸ்' என்பார்கள்), ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா, குவாசுலு-நட்டால். பிற நாடுகளில் எகிப்தின் கெய்ரோ, ஐன் ஷம்ஸ், அலெக்சாந்திரியா, நைஜீரியாவின் இபாதான், லாகோஸ், கானா பல்கலைக்கழகம் (அது இருக்கும் இடத்தின் பெயரால் 'லெகோன்' என்பார்கள்), உகாண்டாவின் மக்கரேரே, கென்யாவின் நைரோபி, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, செனகலின் ஷேக் அந்தா தியோப் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் தவறான இடத்தில் போய்ச் சேர வாய்ப்புண்டு. ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். பாடமொழி, பட்ட அமைப்பு, கல்வியாண்டு, சேர்க்கை முறை எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும். 'ஆப்பிரிக்காவில் எது சிறந்தது' என்று கேட்பதைவிட, 'என் துறைக்கு எது, அந்த நாட்டு முறையில் என் சான்றிதழ் எந்தப் படியில் நிற்கும்' என்று கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்.

ஆய்வு வலுவைப் பற்றி மட்டும் ஒரு சிறு பட்டியல் வேண்டுமென்றால், ஆப்பிரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகக் கூட்டணியின் நிறுவன உறுப்பினர்களைப் பாருங்கள். 2015 மார்ச்சில் டக்கார் நகரில் 16 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அதைத் தொடங்கின. கேப்டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா, குவாசுலு-நட்டால், ரோட்ஸ் என ஆறு தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. இபாதான், லாகோஸ், ஒபாஃபெமி அவோலோவோ மூன்றும் நைஜீரியாவைச் சேர்ந்தவை. மீதி ஏழும் கானா, நைரோபி, மக்கரேரே, தார் எஸ் சலாம், ருவாண்டா, அடிஸ் அபாபா, ஷேக் அந்தா தியோப். வட ஆப்பிரிக்கா அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை. ஆகவே கெய்ரோ அதில் இடம்பெறாததைத் தரக்குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தரவரிசை எண்ணை எவ்வளவு நம்பலாம்?

எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் எவ்வளவு நம்புவது என்றும் தெரிந்துவிடும். கியூ.எஸ். மதிப்பெண்ணில் 30 சதவீதம் கல்வியாளர்களிடம் கேட்கும் கருத்துக் கணிப்பு, 15 சதவீதம் வேலை தருவோரின் கருத்து. ஏறக்குறைய பாதி மதிப்பெண் 'பெயர் கேள்விப்பட்டிருக்கிறார்களா' என்பதில்தான் இருக்கிறது. ஷாங்காய் பட்டியலில் 30 சதவீதம் நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் சார்ந்தது. டைம்ஸ் பட்டியல் மேற்கோள்களுக்கு அதிக இடம் தருகிறது.

இதில் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, ஆயிரக்கணக்கானோர் பெயர் சேர்ந்து வெளியாகும் பெரும் இயற்பியல், பொதுச் சுகாதாரக் கட்டுரைகளில் ஓரிரு பேராசிரியர்கள் இருந்தாலே ஒரு சிறு பல்கலைக்கழகத்தின் மேற்கோள் எண்ணிக்கை எகிறிவிடும். உங்கள் துறை அங்கே இல்லாமலேகூட இருக்கலாம். மற்றொன்று, கெய்ரோ போல இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் பொதுப் பல்கலைக்கழகம் ஆசிரியர்-மாணவர் விகிதத்தில் அடிபடும். அதன் பொறியியல் புலமோ மருத்துவப் புலமான கஸ்ர் அல்-ஐனியோ எவ்வளவு வலுவானது என்பதை அந்த எண் சொல்லாது.

இருபது முப்பது இட வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். பட்டியலின் கீழ்ப்பகுதியில் தனி எண்ணே கிடையாது, '801 முதல் 1000 வரை' என்று கட்டாகத்தான் தருவார்கள். முழுப் பல்கலைக்கழகத்தின் இடத்தை விட்டுவிட்டுப் பாடவாரிப் பட்டியலைப் பாருங்கள்.

மிகப் பழமையானது எது?

மொரோக்கோவின் ஃபெஸ் நகரிலுள்ள அல்-கராவிய்யின். 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி பள்ளிவாசலாக நிறுவினார் என்பது மரபு. அதையொட்டி வளர்ந்த கல்விக்கூடம் இன்றுவரை அறுபடாமல் நடக்கிறது. கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் 970இல் கட்டத் தொடங்கப்பட்டது, சில ஆண்டுகளில் அங்கே பாடமும் தொடங்கியது. இவற்றை இன்றைய பொருளில் 'பல்கலைக்கழகம்' என்று அழைக்கலாமா என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அல்-கராவிய்யின் அரசுப் பல்கலைக்கழக அமைப்புக்குள் வந்தது 1960களில்தான்.

மேலைநாட்டு முறையில் எழுந்தவற்றில் மூத்தது சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரிலுள்ள ஃபூரா பே கல்லூரி, 1827. அது 1876இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டம் தரத் தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்தார்கள். மக்கரேரே 1922இல் ஒரு தொழிற்பள்ளியாகப் பிறந்து 1970இல் தனிப் பல்கலைக்கழகமானது. இபாதானும் லெகோனும் 1948இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளாகத் தொடங்கின. நைஜீரியா விடுதலை பெற்ற 1960இல் திறந்த நுசுக்கா நகரப் பல்கலைக்கழகம், தொடக்கத்திலிருந்தே தன் சொந்தப் பட்டத்தை வழங்கியது. அந்தத் தலைமுறைக்கு அது பெரிய செய்தி.

எந்தத் துறைக்கு எங்கே போவது?

ஒரு மண் எழுப்பும் கேள்வி எதுவோ அந்தத் துறைதான் அங்கே வலுவாக வளரும் என்று பொதுவாகச் சொல்லலாம். பிற கண்டங்களில் கிடைக்காத நோயாளிகள், பாறைகள், பயிர்கள், வானம் எங்கே இருக்கின்றனவோ அங்கே உலகத் தர ஆய்வுக் குழு இருக்கும்.

விட்ஸ் நிற்பது தங்கச் சுரங்க நகரில். அதன் வேர் 1896இல் கிம்பர்லியில் தொடங்கிய சுரங்கப் பள்ளி. சுரங்கப் பொறியியல் இன்றும் அதன் அடையாளம். மனிதத் தோற்ற ஆய்வும் அப்படித்தான். 1924இல் சுண்ணாம்புக் குவாரி ஒன்றிலிருந்து வந்த 'டாங் குழந்தை' என்ற மனித மூதாதையின் மண்டையோட்டை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட் அங்கே உடற்கூற்றியல் பேராசிரியர். ஹோமோ நலேடி என்ற இனத்தை 2015இல் அறிவித்த லீ பெர்கர் குழுவும் விட்ஸைச் சேர்ந்தது.

வானியலுக்குக் கேப்டவுன். காரு வறள்நிலத்தில் 64 தட்டுகளுடன் நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியும், சதர்லாந்தின் பெரிய ஒளியியல் தொலைநோக்கியும் அருகிலிருப்பது அந்தத் துறையின் பலம். தேசிய வானியற்பியல், விண்வெளி அறிவியல் திட்டம் அங்கிருந்துதான் ஆனர்ஸ், முதுநிலைப் படிப்புகளை நடத்துகிறது. மருத்துவத்திலும் அதன் பெயர் பெரிது. 1967 டிசம்பர் 3இல் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த குரூட் ஸ்கூர் மருத்துவமனை இந்தப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை.

கால்நடை மருத்துவத்துக்குப் பிரிட்டோரியா. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவப் புலமான ஒண்டர்ஸ்டெபூர்ட் அதனுடையது. வனவிலங்கு மருத்துவம் கற்க அதைவிடப் பொருத்தமான இடம் உலகிலேயே சிலதான்.

தொற்றுநோயியலுக்கு டர்பன். குவாசுலு-நட்டாலில் இயங்கும் காப்ரிசா எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் குரைஷா, சலீம் அப்துல் கரீம் இணையர் நடத்திய ஆய்வு, டெனோஃபோவிர் களிம்பு பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்ததாக 2010இல் காட்டியது. மக்கரேரேயின் முலாகோ மருத்துவமனையில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் 1958இல் விவரித்த குழந்தைப் புற்றுநோய் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அங்கே தொற்றுநோய், வெப்பமண்டல மருத்துவ ஆய்வு தொடர்ந்து வலுவாக இருக்கிறது. தரவரிசை பார்த்து மட்டும் தேர்ந்தெடுப்பவர் கண்ணில் படாத ஓர் இடமும் உண்டு. நைஜீரியாவின் எடே என்ற ஊரில் ரிடீமர்ஸ் என்றொரு தனியார் பல்கலைக்கழகம். 2020 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் முதல் கொரோனா வைரஸ் மரபணு வரிசையை வெளியிட்டது அங்குள்ள மரபணுவியல் மையம்.

பயிர் இனப்பெருக்கத்துக்குக் கானா பல்கலைக்கழகம். 2007இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பயிர் மேம்பாட்டு மையம் மரவள்ளி, காராமணி, கம்பு போன்றவற்றில் முனைவர்களை உருவாக்குகிறது. இபாதான் நகரிலேயே சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனமும் இருப்பதால் அங்கு வேளாண் மாணவர்களுக்கு ஆய்வுக் களம் பக்கத்திலேயே கிடைக்கிறது.

பாடமொழி ஆங்கிலமா?

தெற்கு, கிழக்கு நாடுகள் பலவற்றிலும் நைஜீரியா, கானாவிலும் ஆங்கிலம். எத்தியோப்பியாவிலும் பல்கலைக்கழக வகுப்பு ஆங்கிலத்தில்தான். செனகல், ஐவரி கோஸ்ட், கேமரூனின் பெரும்பகுதி ஆகியவற்றில் பிரெஞ்சு. மொரோக்கோ, துனிசியாவில் அறிவியலும் மருத்துவமும் பிரெஞ்சில், மதமும் சட்டமும் பெரும்பாலும் அரபியில். மொசாம்பிக், அங்கோலாவில் போர்ச்சுக்கீசியம். எகிப்தில் மருத்துவம், பொறியியல் பாடங்கள் பெருமளவு ஆங்கிலத்தில் இருந்தாலும், கலையும் சட்டமும் அரபியில்.

வகுப்பறைக்கு வெளியே நிலைமை வேறு. கெய்ரோ மருத்துவமனையில் நோயாளி எகிப்திய அரபியில்தான் பேசுவார். அது தெரியாமல் மூன்றாம் ஆண்டுக்கு மேல் மருத்துவ மாணவர் திணறுவார். தார் எஸ் சலாமில் சுவாஹிலி தெரியாமல் களப்பணி நடக்காது. ஸ்டெல்லன்போஷில் இளநிலை வகுப்பில் ஆஃப்ரிகான்ஸ் மொழியும் இடம்பெறும் என்பதைச் சேரும் முன் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளி முடித்து நேராகத் தென்னாப்பிரிக்காவில் இளநிலை சேர என்ன செய்ய வேண்டும்?

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும். கேப்டவுனில் வழக்கமாக ஜூலை இறுதி. நம் ஊர்த் தேர்வு முடிவு மே மாதம் வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் இரண்டு மாதம்தான் கையில் இருக்கும்.

பல்கலைக்கழகம் கேட்கும் பாட மதிப்பெண் ஒரு வாசல். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் அமைப்பின் கீழுள்ள மெட்ரிகுலேஷன் வாரியம் தரும், உள்ளூர்ப் பள்ளித் தேர்வுத் தகுதியிலிருந்து விலக்களிக்கும் சான்றிதழ் இல்லாமல் பட்டப்படிப்புப் பதிவு முழுமை பெறாது. பலர் சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் எல்லாம் முடிந்ததாக நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள், பதிவு நாளில் நிறுத்தப்படுகிறார்கள். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே இதற்கும் விண்ணப்பியுங்கள். சில புலங்கள் தேசிய அளவுகோல் தேர்வையும் கேட்கும்.

பிறகு படிப்பு விசா. சேர்க்கைக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, காவல் துறை நன்னடத்தைச் சான்று, தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்ற மருத்துவக் காப்பீடு ஆகியவை வேண்டும். இங்கே வாங்கும் பயணக் காப்பீட்டை ஏற்க மாட்டார்கள், இதனாலேயே நிராகரிப்பு வருகிறது. இந்த விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். அந்த வருமானத்தை நம்பிக் கட்டணத் திட்டம் போடாதீர்கள். உள்ளூர் இளைஞர் வேலையின்மை மிகக் கடுமையான நாடு அது.

மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர் நேராக முதுநிலையில் சேர முடியுமா?

பெரும்பாலும் முடியாது. தமிழ் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

தென்னாப்பிரிக்கத் தகுதிச் சட்டகத்தில் படிகள் எண்ணிடப்பட்டவை. மூன்றாண்டு இளநிலை ஏழாம் படி, 360 கிரெடிட். அதற்கு மேல் ஓராண்டு ஆனர்ஸ், எட்டாம் படி, 120 கிரெடிட். முதுநிலை ஒன்பது, 180 கிரெடிட். முனைவர் பத்து, 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. முதுநிலைக்குள் நுழைய எட்டாம் படி வேண்டும். நம் மூன்றாண்டுப் பட்டம் ஏழில் நிற்பதால், இடையில் ஆனர்ஸ் ஓராண்டு படிக்கச் சொல்வார்கள். நான்காண்டு பி.இ., பி.டெக். பட்டங்களையும் புதிய நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தையும் எட்டாம் படிக்கு இணையாகக் கருத வாய்ப்பு அதிகம். இங்கே எம்.எஸ்சி. முடித்தவருக்குச் சிக்கல் குறைவு.

ஆனர்ஸ் ஆண்டைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். சிறு வகுப்பு, ஓர் ஆய்வுத் திட்டம், பேராசிரியரோடு நெருக்கம். அங்கே முனைவர் வரை போகிற பெரும்பாலோருக்கு நெறியாளர் கிடைப்பது அந்த ஆண்டில்தான். பெரும்பாலும் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம் தரும் மதிப்பீட்டுச் சான்றையும் கேட்பார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பதில் வரத் தாமதமானால் அது தேங்கிவிடும். ஆறு மாதம் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

முனைவர் பட்டம் எப்படி நடக்கும்?

தென்னாப்பிரிக்காவில் பொதுவாக வகுப்பு கிடையாது, ஆய்வேடு மட்டும். கேப்டவுனில் மூன்று வெளித் தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து எழுத்தில் தீர்ப்பு சொல்வார்கள். வாய்மொழித் தேர்வு பொதுவாக இல்லை. எழுத்து பலவீனமாக இருந்தால் பேசிச் சரிக்கட்ட வழியில்லை என்பதே இதன் பொருள்.

முதலில் நெறியாளரைப் பிடியுங்கள், பிறகு விண்ணப்பம். தேசிய ஆய்வு அறக்கட்டளை அங்குள்ள ஆய்வாளர்களுக்கு ஏ (A), பி (B), சி (C), பி (P), ஒய் (Y) என்று தரம் தருகிறது. ஏ என்றால் உலக அளவில் துறைத் தலைவர், ஒய் என்றால் வளரும் இளம் ஆய்வாளர். ஒய் தரக்காரர் உங்களுக்கு நேரம் அதிகம் ஒதுக்குவார், ஏ தரக்காரர் ஆய்வு நிதி அதிகம் வைத்திருப்பார். நிதி இருக்கிறதா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடலாம்.

மருத்துவம் படிக்க ஆப்பிரிக்கா போகலாமா?

இந்தியக் குடிமக்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்திய விதியை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி: படிப்பு குறைந்தது 54 மாதம், அதற்கு மேல் அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், பாடமொழி ஆங்கிலம். அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் அதே மருத்துவ உரிமத்துக்கு உங்களுக்கும் தகுதி இருக்க வேண்டும். நீட் தேர்ச்சி கட்டாயம், திரும்பியபின் இங்கே மேலும் 12 மாத இன்டர்ன்ஷிப், சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். பிறகு தகுதித் தேர்வு. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான அந்தத் தேர்வில் 300க்கு 150 வேண்டும்.

எகிப்தில் இப்போது ஐந்தாண்டுப் படிப்பும் இரண்டாண்டு இன்டர்ன்ஷிப்பும். கால அளவு விதியைத் தாண்டிவிடும். தவறு நடப்பது வேறு இடங்களில். கட்டணம் குறைவு என்று நடுவில் வேறு கல்லூரிக்கு மாறினால் 'அதே நிறுவனம்' என்ற நிபந்தனை உடைகிறது. இன்டர்ன்ஷிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினாலும் அப்படியே. தென்னாப்பிரிக்காவில் மருத்துவ இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கே போதவில்லை. நம்மவர்களுக்கு இளநிலை மருத்துவ இடம் கிடைக்கும் என்று எந்த முகவராவது சொன்னால் நம்பாதீர்கள். இலங்கை மாணவர்கள் அந்நாட்டு மருத்துவப் பேரவையின் அங்கீகாரத்தைச் சேரும் முன்பே உறுதிசெய்ய வேண்டும், திரும்பியபின் அதன் தகுதித் தேர்வையும் எழுத வேண்டும்.

வேலைநிறுத்தம், கலவரம் என்று படிப்பு இழுத்துக்கொண்டே போகுமா?

சில நாடுகளில் போகும். நைஜீரிய அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 2022 பிப்ரவரி 14இல் தொடங்கிய வேலைநிறுத்தம் எட்டு மாதம் நீண்டது. 2020இலும் நீண்ட நிறுத்தம் இருந்தது. நான்காண்டுப் படிப்பு ஐந்து, ஆறு ஆண்டாவது அங்கே வழக்கம். தனியார் பல்கலைக்கழகங்கள் இதில் சேர்வதில்லை, கட்டணம் பல மடங்கு. தென்னாப்பிரிக்காவில் 2015 அக்டோபரில் விட்ஸில் தொடங்கிய கட்டண உயர்வு எதிர்ப்புப் போராட்டம் நாடு முழுவதும் வளாகங்களை மூடியது. சூடானில் 2023 ஏப்ரலில் வெடித்த போரில் கார்ட்டூம் பல்கலைக்கழகம் பெரும் சேதம் அடைந்தது. ஒரு நூற்றாண்டுக் கல்வி மரபு அப்படிச் சிதைவது வேதனையானது.

பட்டம் இந்தியாவில் செல்லுமா? போலியை எப்படிக் கண்டறிவது?

வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணை என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றை நீண்டகாலமாக இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தந்துவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனப் புதிய ஒழுங்குமுறை வெளியிட்டது. மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு அந்தந்தத் தொழில்முறைப் பேரவையே முடிவு செய்யும். தென்னாப்பிரிக்காவும் மொரீஷியஸும் அப்போஸ்டில் (ஒரே முத்திரையால் ஆவணத்தைச் சான்றளிக்கும் முறை) உடன்படிக்கையில் இருப்பதால் அங்கே வாங்கும் ஒரே முத்திரை போதும். எகிப்து அதில் இல்லை. அங்கே வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியத் தூதரகம் என இரண்டு சான்றொப்பம் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

போலியைச் சோதிக்கக் கல்லூரியின் சொந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம், நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலைப் பாருங்கள். நைஜீரியாவில் தேசியப் பல்கலைக்கழக ஆணையம், கென்யாவில் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், உகாண்டாவில் உயர்கல்விக்கான தேசியப் பேரவை, எகிப்தில் பல்கலைக்கழகங்களின் உச்சப் பேரவை. தென்னாப்பிரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் மொத்தமே 26. பத்திரிகையாளர் ஒருவர் ஆறே வாரத்தில் பெனின் நாட்டில் ஒரு பட்டம் வாங்கிக் காட்டியதையடுத்து, 2024 ஜனவரியில் நைஜீரிய அரசு பெனின், டோகோ நாட்டுப் பட்டங்களை ஏற்பதையே நிறுத்திவைத்தது. நேர்மையாகப் படித்த மாணவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆப்பிரிக்காவில் தமிழ் படிக்க இடமுண்டா? சென்னை ஐ.ஐ.டி. அங்கே இருக்கிறதாமே?

மொரீஷியஸின் மோக்காவில் 1970இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனம், மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தமிழில் இளநிலைப் பட்டம் தருகிறது. டர்பனில் இனவொதுக்கல் அரசு இந்திய வம்சாவளியினருக்கென்று 1961இல் ஒரு தீவில் தொடங்கிய கல்லூரி, பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகித் தமிழும் கற்பித்தது. ஒதுக்கிவைப்பதற்காகக் கட்டிய வளாகம், அந்த அரசை எதிர்த்த மாணவர்களின் கோட்டையானது. 2004இல் அது நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நட்டால் ஆனது.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் வளாகம் திறந்தது, ஐ.ஐ.டி.க்களிலேயே முதல் வெளிநாட்டு வளாகம். தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவில் நான்காண்டு பி.எஸ்., அதே துறையில் எம்.டெக். ஆகியவற்றோடு தொடங்கியது. பி.எஸ். சேர்க்கைக்கு ஜே.இ.இ. தேவையில்லை, தனித் தேர்வும் நேர்காணலும் உண்டு. பட்டம் ஐ.ஐ.டி. மெட்ராஸின் பெயரில்தான் வரும்.